மண் எந்தத் துறையைச் சேர்ந்தது?

ஆசிரிய நண்பர்களே, மாணவ மாணவியரே, வயல் வேலையைப் போட்டுவிட்டு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் விவசாயப் பெருமக்களே,

மதுரைக்கு நாலு திசையிலும் மண்ணைப் பற்றிப் பாடம் நடக்கிறது. வடகிழக்கே ஒத்தக்கடையில், யானைமலைக்குப் பக்கத்தில், 1965-இல் தொடங்கிய வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. அங்கே மண் என்றால் பயிருக்குச் சோறு போடும் பொருள். களரா உவரா என்று பார்ப்பார்கள், தழை மணி சாம்பல் சத்து எவ்வளவு என்று பார்ப்பார்கள். மேற்கே பல்கலை நகரில், 1966-இல் பிறந்த நம் காமராசர் பல்கலைக்கழகம். அங்கே செயற்கைக்கோள் படத்தில் மண்ணின் நிறத்தைப் பிரித்து நிலப்படம் வரைகிறார்கள். தெற்கே திருப்பரங்குன்றத்தில் 1957-இல் தொடங்கிய தியாகராசர் பொறியியல் கல்லூரி. அங்கே மண் என்றால் கட்டடத்தைத் தாங்கும் பொருள். எவ்வளவு பாரம் தாங்கும், நனைந்தால் எவ்வளவு உப்பும் என்பது அவர்களுடைய கணக்கு. கிழக்கே கொஞ்ச தூரம் போனால் கீழடி. அங்கே தொல்லியல் மாணவர்களுக்கு மண் என்பது காலத்தின் அடுக்கு.

நாலு இடத்திலும் பேசப்படுவது இந்த ஒரே சமவெளியின் மண். ஆனால் ஓர் இடத்தில் படிக்கிற பிள்ளை மற்ற மூன்று இடங்களின் வாசலை மிதிக்காமலே பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடலாம். பாறை ஒரு தாளில், படிவு ஒரு தாளில், மண் வேறொரு கல்லூரியில், மழை இன்னொரு பாடத்திட்டத்தில். மலையிலிருந்து உதிர்ந்த துகள் ஆற்றில் உருண்டு, வயலில் தங்கி, மழையோடு மறுபடியும் கிளம்புகிறது. அந்தப் பயணத்தை முழுசாகச் சொல்லித்தரும் வகுப்பு அரிதாகவே இருக்கிறது. இது தீர வேண்டும் என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

துறைகள் எவ்வளவு தூரம் பிரிந்து கிடக்கின்றன என்பதற்கு ஒரு சின்னச் சான்று. 0.03 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு துகளை எடுத்துக்கொள்வோம். நிலவியல் மாணவர் 1922-இல் வென்ட்வொர்த் வகுத்த அளவுகோலை வைத்துக்கொண்டு இதை வண்டல் என்பார். அந்த அளவுகோலில் வண்டல் 0.0625-இல் தொடங்கி 0.0039-இல் முடிகிறது. வேளாண் மாணவர் பன்னாட்டு மண்ணியல் அளவுகோலைக் காட்டி, வண்டல் 0.02-இல்தான் தொடங்குகிறது, இது நுண்மணல் என்பார். 0.003 மில்லிமீட்டர் துகளைக் கொடுத்தால் கதை மாறுகிறது. முன்னவருக்கு அது களி, பின்னவருக்கு வண்டல். கட்டடப் பொறியாளர் 0.075 மில்லிமீட்டர் சல்லடையில் தங்கியதை மணல் என்றும் கீழே இறங்கியதை வண்டல், களி என்றும் பிரிப்பார். ஒவ்வொரு எல்லைக்கும் நியாயம் இருக்கிறது. ஆறு எதைச் சுமக்கும் என்று ஒருவர் பார்க்கிறார், மண் எவ்வளவு தண்ணீரைப் பிடித்துவைக்கும் என்று இன்னொருவர் பார்க்கிறார். ஆனால் ஒரே கண்மாயின் மண்ணுக்கு மூன்று ஆய்வகங்களிலிருந்து மூன்று அறிக்கை வரும்போது, அதை மேசையில் வைத்துப் படிக்கிற அதிகாரிக்கு எது சரி என்று சொல்ல ஆள் வேண்டாமா? எந்த எல்லையை வைத்து அளந்தோம் என்று ஒரு வரி எழுதும் பழக்கத்தைக்கூட நாம் பிள்ளைகளுக்குத் தருவதில்லை.

அந்த அளவை எடுக்கும் முறையைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். மண்ணில் இருக்கும் மட்கை ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி எரித்துவிட்டு, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க உப்புக் கரைசல் சேர்த்து, ஒரு லிட்டர் சிலிண்டரில் கலக்கி நிறுத்துவார்கள். கலக்கியை வெளியே எடுத்த நொடியிலிருந்து கடிகாரம் ஓடும். மணல் உடனே இறங்கிவிடும். 0.02 மில்லிமீட்டர் துகள் பத்து சென்டிமீட்டர் இறங்க ஐந்து நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக எடுக்கும். 0.002 மில்லிமீட்டர் துகளுக்கு எட்டு மணி நேரம் ஆகும். அப்புறம் பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் பிப்பெட்டை இறக்கி உறிஞ்சி, காயவைத்து எடைபோட்டால் களியின் அளவு கிடைக்கும். இந்த எட்டு மணி என்பது 20 டிகிரி வெப்பத்துக்கான கணக்கு. சித்திரை, வைகாசியில் மதுரை ஆய்வகம் 30 டிகிரிக்குக் கீழே இறங்குமா? சூடு ஏற ஏறத் தண்ணீரின் பிசுக்குமை குறையும், துகள் சீக்கிரம் இறங்கும். 30 டிகிரியில் அதே துகளுக்கு ஆறு மணி நேரத்தை ஒட்டியே போதும். புத்தகத்தில் போட்டிருக்கிறது என்று எட்டு மணி காத்திருக்கும் மாணவர் மண்ணில் உள்ள களியைக் குறைத்துச் சொல்வார். வெப்பமானியைச் சிலிண்டருக்குப் பக்கத்தில் வைக்காமல் செய்த மண் பகுப்பாய்வை நான் நம்ப மாட்டேன். படிவும் மண்ணும் தட்பவெப்பமும் வேறு வேறு பாடம் என்கிறவர்களை இந்த ஒரு சிலிண்டர் முன்னால் உட்காரவைத்தால் போதும்.

இனி பாறைக்கு வருவோம். உலகத்து நிலவியலாளர்கள் ஒரு பெயரை ஓயாமல் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்: மதுரை பிளாக். தென்னிந்தியாவின் அடியாழத்துப் பாறைகளில் ஒரு பெரும் பகுதிக்கு நம் ஊரின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். பல கிலோமீட்டர் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து மாறிய பாறை இது. அந்த மாற்றத்தின் பெரும்பகுதி ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், இந்தியாவும் மடகாஸ்கரும் இலங்கையும் அண்டார்டிகாவும் ஒன்றாக ஒட்டிக்கொண்ட காலத்தில் நடந்தது. மேலே கிடந்த கனத்த பாறை மூடி கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரித்துப்போன பிறகே இந்த நைஸும் கிரானைட்டும் சார்னோக்கைட்டும் வெளியே வந்தன. 1883-இலேயே ராபர்ட் புரூஸ் ஃபூட் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியலைப் பற்றி இந்திய நிலவியல் ஆய்வுத்துறைக்காகத் தனி நூல் எழுதிவிட்டார். பல்லாவரத்தில் கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவர் என்றுதான் அவரை நம் பிள்ளைகளுக்குத் தெரியும். இந்தப் பக்கத்துப் பாறையை ஆராய்ந்து எழுதியவர் என்றும் தெரிந்திருக்க வேண்டும். யானைமலையின் நிழலிலேயே படிக்கும் பல பிள்ளைகள் அந்த மலையைத் தொட்டு, உருப்பெருக்கியில் ஒரு சில்லைப் பார்க்காமலே படிப்பை முடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்தச் சில்லில் என்ன இருக்கிறது? கண்ணாடிபோல் மினுங்குவது குவார்ட்ஸ். வெள்ளையாகவோ வெளிர்சிவப்பாகவோ இருப்பது ஃபெல்ட்ஸ்பார். கருப்பாகத் தெரிபவை இரும்பும் மக்னீசியமும் கலந்த கனிமங்கள். மழைநீரில் கரைந்த கரியமில வாயு ஃபெல்ட்ஸ்பாரைத் தின்கிறது. அது களியாகிறது. கருப்புக் கனிமத்திலிருந்து விடுபட்ட இரும்பு துருவேறி மண்ணைச் சிவப்பாக்குகிறது. குவார்ட்ஸை எதுவும் செய்ய முடியாது, அது மணலாக மிஞ்சுகிறது. வைகை மணல், மேலூர்ச் செம்மண், திருமங்கலத்துக் கரிசல் எல்லாம் இந்தச் சில்லுக்குள்தான் இருக்கின்றன.

கரிசல் என்றதும் ஒரு கேள்வி எழ வேண்டும். கரிசல் எரிமலைப் பாறையான பசால்ட்டிலிருந்து வருகிறது என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். தக்காணத்துக்கு அது சரி. திருமங்கலத்திலும் கள்ளிக்குடியிலும் பேரையூரிலும் பசால்ட் எங்கே இருக்கிறது? இங்கே அடியில் இருப்பது நைஸ். அதே நைஸ் மேட்டில் செவலாகவும் பள்ளத்தில் கரிசலாகவும் மாறி நிற்கிறது. மேட்டில் மழைநீர் வடிந்துவிடும். கால்சியமும் மக்னீசியமும் அதோடு கரைந்து இறங்கிவிடும், இரும்பு மிஞ்சி மண் சிவக்கும். அந்தக் கால்சியமும் மக்னீசியமும் பள்ளத்தில் வந்து தேங்கும். அங்கே வடிகால் இல்லை, வெயிலில் தண்ணீர் ஆவியாகிறது, உப்பு தங்குகிறது. அந்தச் சூழலில் உருவாகும் களி நனைந்தால் உப்பும், காய்ந்தால் கை நுழையுமளவு வெடிக்கும். சரிவில் இப்படி மண் மாறிக்கொண்டே போகும் தொடரை 1935-இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் மில்ன் என்பவர் விளக்கினார். தாய்ப்பாறை, தட்பவெப்பம், நில அமைப்பு, உயிர்கள், காலம் என்று மண்ணை ஆக்கும் ஐந்து காரணிகளை 1941-இல் ஹான்ஸ் யென்னி வகுத்தார். அதற்கும் முன்னால் 1883-இல் ருஷ்யக் கரும்மண்ணைப் பற்றி எழுதிய தொக்குச்சாயெவ், மண் என்பது உதிர்ந்த பாறை மட்டும் அல்ல, தட்பவெப்பத்தின் பிள்ளை என்று நிலைநாட்டினார். இந்தப் பெயர்களைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிற மாணவர், ஒரு மேட்டிலிருந்து பள்ளம் வரை ஒரு கிலோமீட்டர் நடந்து, இடையிடையே குழி வெட்டிப் பார்த்தால் ஒரே காலையில் மூவரையும் புரிந்துகொள்வார்.

அந்தக் குழியில் இன்னொன்றும் கிடைக்கும். சுக்கான்கல். கிணறு வெட்டுகிறவர்கள் இதை நன்றாக அறிவார்கள். மேல்மண் முடிந்து, சரளை கடந்து, வெள்ளையாகக் கட்டி கட்டியாக வரும். இரண்டு சொட்டு அமிலம் விட்டால் நுரைக்கும். மண்ணில் இறங்கிய தண்ணீர் முழுதாக அடியே போய்ச் சேராமல், நடுவழியில் காய்ந்துபோகும் நாட்டில்தான் இந்தச் சுண்ணாம்பு தங்கும். நல்ல மழை பெய்யும் நாட்டில் அது கரைந்து ஓடிவிடும். ஆகவே, எந்த ஆழத்தில் சுக்கான் தொடங்குகிறது என்று அளந்தால், மழைநீர் பொதுவாக எவ்வளவு ஆழம் இறங்கியது என்பதற்குக் கணக்குக் கிடைக்கும். வெள்ளைக்காரர் மழைமானி வைப்பதற்கு எத்தனையோ ஆயிரம் ஆண்டு முன்பிருந்தே மண் எழுதிவரும் குறிப்பு அது.

ஆற்றுக்குப் போவோம். வைகை வருசநாட்டு மலையில் பிறந்து 258 கிலோமீட்டர் ஓடி, ஆற்றங்கரை என்ற ஊரில் பாக் நீரிணையைத் தொடுகிறது. மிச்சமிருந்தால் தொடுகிறது என்று சொல்ல வேண்டும், வழியில் கண்மாய்கள் குடித்தது போக. 1959-இல் ஆண்டிபட்டிக்கு அருகே வைகை அணை வந்தது. அணை தண்ணீரை மட்டும் நிறுத்துவதில்லை, மணலையும் நிறுத்துகிறது. அணைக்குக் கீழே ஆற்றில் நாம் அள்ளிய மணலுக்கு ஈடாக மலையிலிருந்து வரவேண்டிய மணல் அணைக்குள் கிடக்கிறது. மணல் அள்ளினால் ஆறு மறுபடியும் கொண்டுவந்து போடும் என்று பேசுகிறவர்கள் ஆற்றுப் படிவுகளைப் பற்றிய முதல் பாடத்தையே படிக்கவில்லை. மதுரை நகருக்குள் வைகையைப் பார்த்தால் தெரியும். மணல் போன இடத்தில் களியும் பாறையும் எட்டிப்பார்க்கின்றன, சீமைக்கருவேலம் வேர் பிடித்திருக்கிறது. ஒரு சமவெளி தன் நிலத்தடி நீரை உறிஞ்சிக்கொள்ளும் வாயை நாமே எடுத்துவிட்டோம்.

கண்மாய்களில் கதை வேறு. அங்கே படிவு சேர்வதுதான் சிக்கல். மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாயில் மாணவர்களை இறக்கி மண் எடுக்கவைத்துக்கொண்டிருந்தேன். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் இறங்கி வந்து, “வரத்துக்கால் வாயில எடுத்தா மணலுதான் வரும் சார். மடைக்கிட்டப் போய் எடுங்க, வெண்ணெய் மாதிரி இருக்கும்” என்றார். ஓடிவரும் தண்ணீர் வேகம் குறையும்போது முதலில் கனத்த துகளைப் போடும், கடைசியில் கரையோரத்து அமைதியில்தான் களியைப் போடும். மாணவர்கள் வரத்துக்கால் வாயிலிருந்து மடை வரை ஒரே கோட்டில் நடந்து மாதிரி எடுத்தார்கள். சிலிண்டரில் போட்டுப் பார்த்தபோது பெரியவர் சொன்ன வரிசை அப்படியே வந்தது. படிவியல் புத்தகத்தின் ஓர் அத்தியாயம் முழுக்க ஒரு கண்மாய்க்குள் கிடக்கிறது. நம் விவசாயிகள் அந்த வண்டலைச் செவல் காட்டுக்கு அடித்து, தண்ணீரைத் தாங்காத மண்ணைத் தாங்கவைத்தார்கள். கண்மாயின் கொள்ளளவும் கூடியது, காடும் திருந்தியது. குடிமராமத்து என்று முன்னோர் செய்த வேலையில் படிவியலும் மண்ணியலும் நீரியலும் பிரியாமல் இருந்தன. 2017-இல் அரசு அந்தப் பெயரில் திட்டத்தை மீண்டும் தொடங்கியபோது ஒவ்வொரு கண்மாய்க்கும் ஒரு கல்லூரி வகுப்பை அனுப்பியிருந்தால், எந்தக் கண்மாயில் எவ்வளவு படிந்திருக்கிறது என்ற கணக்கு இன்று நம் கையில் இருந்திருக்கும். இயந்திரம் வைத்து அள்ளிய இடங்களில் வண்டலுக்கு அடியிலிருந்த களிப்படுகையையும் சேர்த்துக் கிழித்தால், கண்மாயில் தண்ணீர் நிற்குமா என்று கேட்க ஆள் இருந்திருக்கும்.

இப்போது கீழடி. இந்தச் சமவெளியில் ஆறும் மண்ணும் மனிதனும் ஒரே சுவரில் எழுதிய இடம் அது. 2014-இல் இந்தியத் தொல்லியல் துறை அங்கே அகழத் தொடங்கியது. 2018 முதல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை தொடர்கிறது. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 580 என்று 2019-இல் வெளிவந்த அறிக்கை சொன்னது. 200 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்தது கி.மு. 205. இந்தச் செய்தி நம் எல்லோருக்கும் பெருமை. ஆனால் ஆசிரியனாக எனக்கு அந்த எண்களுக்கு நடுவில் இருக்கும் மண்மீது கண் போகிறது. ஒன்றரை மீட்டர் மண், 375 ஆண்டு. கழித்து வகுத்தால் ஆண்டுக்கு நாலு மில்லிமீட்டர். அப்படி வகுப்பது சரியா? இரண்டு மாதிரியும் ஒரே குழியிலிருந்து வந்தவையா? அந்த மண்ணில் எவ்வளவு ஆறு கொண்டுவந்தது, எவ்வளவு மக்கள் இடித்துப் போட்ட செங்கலும் ஓடும் குப்பையும்? ஒரே சீராகப் படிந்ததா, ஒரு வெள்ளத்தில் ஒரு முழம் வந்து, பிறகு நூறு ஆண்டு எதுவும் வராமல் இருந்ததா? இந்த நாலு கேள்வியையும் கேட்கத் தெரிந்த மாணவரை உருவாக்கிவிட்டால் புவி அறிவியல் பாடத்தில் பாதி முடிந்துவிட்டது.

அகழ்வுக்குழியின் மேல்பகுதியை எல்லோரும் பொறுமையில்லாமல் தோண்டிக் கடந்துபோவார்கள். பானை ஓடு கிடைக்காத வெறும் மணலும் வண்டலும்தானே என்று. அந்த வெறும் மண்ணை அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடத்தினர் எடுத்துக்கொண்டு போனார்கள். குவார்ட்ஸ் துகள் வெயிலில் கிடக்கும்போது அதன் கணக்கு பூஜ்யமாகிறது. மண்ணுக்குள் புதைந்த நாளிலிருந்து, சுற்றியுள்ள மண்ணின் இயற்கைக் கதிர்வீச்சை அது கொஞ்சம் கொஞ்சமாகச் சேமிக்கிறது. ஆய்வகத்தில் அதன்மீது ஒளியைப் பாய்ச்சினால், சேமித்ததை மெல்லிய ஒளியாகத் திருப்பித் தரும். அதை அளந்தால் கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தது என்று தெரியும். அதனால்தான் மாதிரியை ஒளி புகாத குழாயைக் குழிச்சுவரில் அடித்துத்தான் எடுப்பார்கள். எடுத்ததைச் சிவப்பு விளக்கில்தான் திறப்பார்கள், ஒரு கணம் வெயில் பட்டால் ஆயிரம் ஆண்டுக் கணக்கு அழிந்துபோகும். 2025-இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, கீழடிக் கட்டுமானங்களை வெள்ளப் படிவு மூடியது ஏறத்தாழ 1,150 ஆண்டுகளுக்கு முன்பு. ஊர் எப்போது கைவிடப்பட்டது என்பது வேறு கேள்வி. இரண்டையும் குழப்பிச் செய்தி எழுதுகிறவர்களை நாம் திருத்த வேண்டும். ஆனால் பாருங்கள், வருசநாட்டுப் பாறையிலிருந்து உதிர்ந்த அதே குவார்ட்ஸ், வைகையில் உருண்டு வந்த அதே மணல், இங்கே கடிகாரமாகிவிட்டது. பாறையியல், படிவியல், அணு இயற்பியல், தொல்லியல், தட்பவெப்ப வரலாறு இத்தனையும் ஒரு குழாய் மண்ணில். இந்தப் பாடத்தை எந்தத் துறைக்குக் கொடுப்பீர்கள்?

மழைக்கு வருகிறேன். மதுரைக்கு ஆண்டு மழை ஏறக்குறைய 85 சென்டிமீட்டர். அதில் கிட்டத்தட்டப் பாதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய மூன்று மாதங்களில் பெய்துவிடும். ஆவியாக்கும் வெயிலின் திறனோ மழையைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. 2017 ஏப்ரலில் வைகை அணை நீரின்மேல் தெர்மோகோல் அட்டைகளை மிதக்கவிட்டபோது ஊரே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அணைத் தண்ணீர் ஆவியாவதை எப்படிக் குறைப்பது என்ற கேள்வி மிகச் சரியான கேள்வி. அந்தப் பரப்பு எவ்வளவு, காற்றின் வேகம் எவ்வளவு, அதில் அட்டை நிற்குமா என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்ல ஒரு பல்கலைக்கழக வகுப்பு பக்கத்தில் இல்லாமல் போனதுதான் வருத்தம்.

எல் நினோ வந்தால் இந்தியாவில் வறட்சி என்று பாடநூல் சொல்லும். தென்மேற்குப் பருவமழைக்கு அது பெரும்பாலும் பொருந்தும். நமக்கு மழை தருவது வடகிழக்குப் பருவம். எல் நினோ ஆண்டுகளில் அது பலமுறை கூடுதலாகப் பெய்திருக்கிறது. 2015 வலுவான எல் நினோ ஆண்டு, அந்தக் கார்த்திகையில்தான் சென்னை மூழ்கியது. எல் நினோ முடிந்த 2016-இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்தது. இதைச் சொல்லித்தராமல் அனுப்பினால், நம் பிள்ளை டெல்லிக்கு எழுதிய பாடத்தை மதுரைக்குப் படித்தவர் ஆகிறார். போதாக்குறைக்கு, 1895 முதல் பெரியாறு அணையின் சுரங்க வழியாக மேற்கு மலையில் பெய்த தென்மேற்கு மழையும் வைகைக்குள் வந்து மேலூர் வரை பாய்கிறது. மதுரையின் நெல்லுக்கு இரண்டு பருவமழையும் வேண்டும். வானிலைப் பாடத்தை இந்த ஆற்றை விட்டுவிட்டு எப்படி நடத்துவது?

அளவிடுவதிலும் ஒரு பாடம் இருக்கிறது. மழைமானியைக் காலை 8.30-க்குப் பார்த்து, முந்தைய 24 மணி நேர மழையைக் குறிப்பது நம் வழக்கம். 2024 அக்டோபர் 25-இல் மதுரையில் ஒரே நாளில் 10 சென்டிமீட்டரை ஒட்டிப் பெய்தது. அதில் 4.5 சென்டிமீட்டர் பிற்பகல் மூன்று மணியை ஒட்டிய 15 நிமிடத்தில் கொட்டியது. செல்லூர் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் போனது அந்தப் பதினைந்து நிமிடத்தால்தான். நாள் மழையை மட்டும் எழுதியிருந்தால் அந்தப் பதினைந்து நிமிடம் ஏட்டில் இருக்காது. மண்ணை அரிப்பதும் அப்படிப்பட்ட மழைதான். ஒரு நாள் முழுக்க நின்று பெய்யும் 5 சென்டிமீட்டரைச் செவல் குடித்துவிடும். கால் மணியில் விழுந்தால் மேல்மண்ணை வாரிக்கொண்டு கண்மாய்க்குப் போகும். வெப்பம் கூடக் கூடக் காற்று அதிக ஈரத்தைச் சுமக்கும், இத்தகைய கொட்டுமழை பெருகும். ஆகவே நிமிடக் கணக்கில் பதியும் மழைமானி இல்லாத இடத்தில் மண்ணரிப்பைப் பற்றிய ஆய்வேடு எழுதுவதில் பயனில்லை.

இதெல்லாம் கல்லூரிக்குள் அடங்கும் பேச்சல்ல என்பதற்கு அரிட்டாபட்டியே போதும். 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193 ஹெக்டேர் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமானது. அங்குள்ள ஏழு குன்றுகளின் நீர் 72 ஏரி, குளங்களுக்கும் 200 சுனைகளுக்கும் ஊற்று என்று அப்போது அறிவித்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து அதே பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க ஏலம் விடப்பட்டது. மேலூர் வட்டாரமே திரண்டது. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்த மக்கள் கேட்டது என்ன? குன்றை எடுத்தால் வரத்துக்கால் என்னாகும், கண்மாய் என்னாகும் என்றுதான் கேட்டார்கள். பாறை, நீர், படிவு, மண் இவற்றைச் சேர்த்துப் பார்த்த கேள்வி அது. கனிமம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தவர்கள் தங்கள் அளவில் சரியாகவே அளந்திருப்பார்கள். ஆனால் குன்றின் மதிப்பில் கண்மாயையும் சேர்த்துக் கணக்கிடும் கடமை யாருடைய பாடத்திட்டத்திலும் இல்லை. கிராமசபையில் கைநாட்டு வைத்தவர்கள் அதைச் செய்தார்கள். பல்கலைக்கழகம் அவர்களுக்குப் பின்னால் நின்றது. முன்னால் நின்றிருக்க வேண்டும்.

என்ன செய்யலாம்? புதிய கட்டடம் வேண்டாம், புதிய துறையும் வேண்டாம். நம் பல்கலைக்கழகத்தில் புவி மற்றும் வளிமண்டல அறிவியலுக்கு ஏற்கெனவே ஒரு புலம் இருக்கிறது. பூமியையும் வானத்தையும் ஒரே கூரையின் கீழ் வைத்த முன்னோரின் யோசனை சரியானது. அதோடு வேளாண்மைக் கல்லூரியும் பொறியியல் கல்லூரியும் தொல்லியலும் சேர்ந்து ஒரே ஒரு தாளைப் பொதுவாக வைக்கட்டும். பெயர் வைகை வடிநிலம் என்றே இருக்கட்டும். வருசநாடு, அணை, பேரணை, ஒரு கண்மாய், கீழடி, கடைசியில் ஆற்றங்கரை. நாலு கல்லூரிப் பிள்ளைகளும் கலந்து ஒரே குழியில் இறங்க வேண்டும். ஒருவர் பாறையைச் சொல்ல, ஒருவர் சத்தைச் சொல்ல, ஒருவர் பாரத்தைச் சொல்ல, ஒருவர் காலத்தைச் சொல்ல வேண்டும். தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்விகளோடு, மேசைமேல் ஒரு கைப்பிடி மண்ணும் ஒரு தண்ணீர்ப் பாத்திரமும் இருக்க வேண்டும். நனைத்து, உருட்டி, விரலிடுக்கில் பட்டையாகத் தள்ளிப் பார்த்து, இது எங்கிருந்து வந்திருக்கும் என்று அரைப் பக்கம் எழுதச் சொல்லுங்கள். அந்தக் களக்குறிப்பேட்டைத் தமிழில் எழுதலாம் என்றும் சொல்லுங்கள். செவல், கரிசல், சரளை, சுக்கான், களர், உவர் என்று வீட்டிலேயே கற்ற சொற்களோடு வருகிற பிள்ளைக்கு, அறிவியல் அந்நிய நாட்டுச் சரக்கு என்ற அச்சம் முதல் நாளிலேயே போய்விடும்.

இது எளிய வேலை அல்ல என்று அறிவேன். களப்பயணத்துக்குப் பேருந்து கிடைக்காது, பருவத்தேர்வு நெருங்கிக்கொண்டே இருக்கும், பெண்பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் தயங்குவார்கள், வெயில் கொளுத்தும். இத்தனையையும் தாண்டிப் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போகிற ஆசிரியர்கள் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். பதவி உயர்வுக் கணக்கில் அந்த உழைப்புக்கு ஒரு புள்ளிகூடக் கிடைப்பதில்லை. கட்டுரை எண்ணிக்கைக்குக் கொடுக்கிற மதிப்பை, மாணவரோடு வெட்டிய குழிக்கும் கொடுங்கள் என்று பல்கலைக்கழகப் பொறுப்பில் இருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்காதீர்கள். இந்தப் புரட்டாசியில், கண்மாய்கள் நிறைவதற்கு முன்னால், ஒரு வகுப்பையாவது கண்மாய்க்குள் நடத்துங்கள். பக்கத்துக் கல்லூரி ஆசிரியர் ஒருவரையும் உடன் அழைத்துக்கொள்ளுங்கள். விவசாயப் பெருமக்களே, பிள்ளைகள் மண்வெட்டியோடு உங்கள் காட்டுக்கு வந்தால் ஒரு மூலையைக் காட்டிவிடுங்கள். ஆளுயரக் குழி ஒன்று வெட்டுவார்கள், உங்களிடமும் நிறையக் கேட்பார்கள். மேல்மண்ணைத் தனியே ஒதுக்கிவைத்து, மாலைக்குள் குழியை முறைப்படி மூடிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அதற்கு ஆசிரியர் பொறுப்பு.